ஒரே பள்ளமுள்ள இரண்டு ஈயக்குண்டுகள்

தம்பி,

போன சனிக்கிழமை நீ சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன இரண்டு ஈயக்குண்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. நீ கேட்ட ஒரு வரிதான் இன்னும் எழுதப்படவில்லை. ‘இந்தக் குண்டுகளைப் பரிசோதித்தேன், இவை பழங்காலத் துப்பாக்கிக் குண்டுகள்’ என்று எழுதி, கீழே என் பெயரையும் படிப்பையும் போட்டுத் தரச் சொன்னாய். “ஒரு வரிதாம்மா, ரெண்டு நிமிஷ வேலை” என்றாய். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். முதலில் குண்டுகளைச் சந்தேகப்பட்டேன், பிறகு உன் வருங்கால மாமனாரை, பிறகு அவர் பெண்ணை. கடைசியில் யாரிடம் வந்து நின்றேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ “சரிம்மா, சரிம்மா” என்பாய், நானும் “சாப்பிட்டியா” என்று கேட்டு முடித்துவிடுவேன். நம் இருவருக்கும் வாய் அப்படி. அதனால் அப்பா வெள்ளிக்கிழமை நீ இருக்கிற காம்பார் பக்கம் வரும்போது உன் அறையில் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன்.

எனக்குச் சொல்லப்பட்டது என்ன என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், தப்பிருந்தால் நீ திருத்து. சுங்காய் ஊருக்கு உள்ளே, முன்பு ரப்பர் இருந்து இப்போது செம்பனை நிற்கிற தோட்டத்தில், ஓடைக்கரையில் ஏழு கன்னிமார் கோயில் இருக்கிறது. ஏழு கல், மேலே தகரக்கூரை, அவ்வளவுதான். தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர்கள் அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். இடம் பழையது என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று நில அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். கோயில் கமிட்டித் தலைவர் மாணிக்கம் அண்ணன், டயர் கடைக்காரர், ஷாமினியின் அப்பா. பட்டதாரி என்பதால் உன்னைச் செயலாளராகப் போட்டார்கள். கூரைக்குக் கால் நட ஓடையோரம் குழி தோண்டியபோது கல்லுக்கு அடியில் ஏழு ஈயக்குண்டுகள் கிடைத்தன என்று மனுவில் எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமை மனு போக வேண்டும். தை மாதம் உனக்கும் ஷாமினிக்கும் கல்யாணம். இதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்ததே எனக்கு முதல் உறுத்தல். பெண் கொடுக்கிற வீட்டார் மாப்பிள்ளையின் கையெழுத்தையும் சேர்த்துக் கேட்கும்போது அவர்களுக்கு எது முதலில் தேவைப்பட்டது என்று யோசிக்கத் தோன்றுகிறது. இது அழகான நினைப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நினைத்தேன்.

தண்ணீர் பரிசோதிக்கிறவளுக்கு ஈயக்குண்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். ஒன்றும் தெரியாதுதான். வயலிலும் காட்டிலும் இப்படிப்பட்ட குண்டுகளைத் தேடி எடுக்கிறவர்கள் எழுதிவைத்ததை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். பழைய குண்டை அச்சில் வார்ப்பார்கள். அச்சின் இரண்டு பாதியும் சேருமிடத்தில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். ஈயத்தை ஊற்றிய வாயை வெட்டிய இடத்தில் சின்னத் தட்டையான தழும்பு இருக்கும். பெரும்பாலும் சுத்தமான ஈயம் என்பதால் நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். நெடுங்காலம் மண்ணில் கிடந்திருந்தால் மேலே பால் காய்ந்தது போலப் பழுப்பு வெள்ளையாக ஒரு தோல் கட்டியிருக்கும், தேய்த்தால் லேசில் போகாது. நீ வைத்துவிட்டுப் போனதில் பெரியதற்கு இவை எல்லாமே இருந்தன. குறுக்களவு பதினேழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் ஆழமான பள்ளம், பக்கத்தில் இரண்டு வரி. வலி தாங்காமல் ஒரு சிப்பாய் கடித்த பல்தடம் அது என்று மாணிக்கம் அண்ணன் சொன்னதாகச் சொன்னாய். நான் படித்தவரையில், காட்டுப்பன்றி மண்ணைக் கிளறும்போது வாயில் அகப்பட்டதை மென்று துப்பிய தடம்தான் பெரும்பாலும் இப்படி இருக்குமாம். சிப்பாயைவிடப் பன்றியை எனக்கு நம்ப முடிகிறது, அந்தத் தோட்டத்தில் பன்றி இன்றும் இருக்கிறது. அதே சமயம், இந்தக் குண்டுக்கு என்ன வயது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. குண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராலும் ஆண்டு சொல்ல முடியாது. குழல் வாய்வழியாகக் குண்டு போட்டுச் சுடுகிற துப்பாக்கியைச் சிப்பாய்கள் விட்ட பிறகும் வேட்டைக்காரர்கள் விடவில்லை. எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதற்குக் கீழே கிடைத்தது என்பதுதான் பாதி வயதைச் சொல்லும். அதை யாரும் குறித்துவைக்கவில்லை.

இனி இரண்டாவது குண்டு. அதன் வெள்ளை பொடியாகக் கையில் ஒட்டியது. நகம் பதியவில்லை. ஆய்வுக்கூடத்தில் மதிய உணவு நேரத்தில் நூலில் கட்டி, காற்றில் ஒரு முறை, தண்ணீரில் ஒரு முறை எடை பார்த்தேன். சுத்த ஈயத்துக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை, ஏதோ கலந்த ஈயம். இதுவரைகூடப் பரவாயில்லை, வேறு அச்சு, வேறு ஆள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருட்டியபோது என் கை நின்றுவிட்டது. சின்னதிலும் அதே பள்ளம் இருந்தது. அதே ஆழம், பக்கத்தில் அதே இரண்டு வரி, தழும்பிலிருந்து அதே தூரம். ஒரே பன்றி இரண்டு குண்டை ஒரே மாதிரி கடிக்காது தம்பி. பெரியதைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து அதில் வார்த்தால்தான் இப்படி வரும். சூட்டில் உருகிய ஈயம் ஆறும்போது சுருங்கும், களிமண்ணும் காயும்போது சுருங்கும். அதனால்தான் சின்னது அரை மில்லிமீட்டர் சின்னது.

அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூட பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடக்கூட இல்லை. “கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்காரங்க கொண்டையில பேன் பாக்குறியா நீ?” என்றார். “டயர் மாத்தணும், அப்படியே சுங்காய்க்குப் போயிட்டு வரலாம்” என்றேன். “டயர் நல்லாத்தானே இருக்கு” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி லா, போலாம். ஆனா அங்க போயி போலீஸ்காரி மாதிரி முழிக்காதே” என்றார். புதன்கிழமை நான் விடுப்பு போட்டேன். உனக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

நாங்கள் போய் இறங்கியதும் மாணிக்கம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். “வாங்க தங்கச்சி, வாங்க மச்சான், சொல்லாம கொள்ளாம வந்துருக்கீங்க, குடிக்க தே ஓ ஒண்ணு போடச் சொல்லட்டா?” என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் கண் கடையைச் சுற்றியது. டயரைச் சமமாகச் சுழலவைக்க விளிம்பில் அடிப்பார்களே, அந்தச் சின்ன ஈயத்துண்டுகள், கழற்றிப்போட்டவை, ஒரு மில்க் டின் நிறையக் கிடந்தன. பக்கத்தில் அடி கருகிய ஒரு கரண்டி. சுவரில் ஒரு வீச்சுவலை தொங்கியது, அதன் விளிம்பு முழுக்க அவரே வார்த்த குண்டுகள். கேட்டுவிட வேண்டும் என்று வந்தவள், “பின் டயர் கொஞ்சம் தேய்ஞ்சிருக்குண்ணே” என்றுதான் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

பிறகு உள்ளே போய் ஷாமினியிடம் கேட்டேன். அவளிடம் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது, அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் பதறவே இல்லை. “ஆமா ஆண்ட்டி, அப்பா ஊத்துனதுதான். மண்ணுல கெடைச்சது மூணுதான்” என்றாள். நான் அவள் கண்ணையே பார்த்தேன், இவ்வளவு லேசாக உண்மை வந்தால் அதற்குப் பின்னால் வேறு என்னவோ இருக்கும் என்று. அதற்குள் அவள் வாசல் பக்கம் திரும்பி, “ப்பா, ஆண்ட்டி குண்டைப் பத்திக் கேக்குறாங்க!” என்று கத்திவிட்டாள். மாணிக்கம் அண்ணன் கரிக்கையோடு உள்ளே வந்து நின்றார்.

“என்னா தங்கச்சி இது, நேராவே கேட்டுருக்கலாமே. மூணு குண்டு கெடைச்சிச்சு, சாமி எடத்துல வந்த பொருளு, சாமிக்குத்தானே வைக்கணும்? மூணு கல்லு முன்னாடி வச்சேன். மத்த நாலு கன்னிங்க சும்மா நிக்கிறாங்க. பாக்கவே மனசு கேக்கல. நாலு பேருக்கு இல்லாம மூணு பேருக்கு மட்டும் வச்சா நல்லாவா இருக்கும்? அதான் நாலு ஊத்துனேன். நல்லா இருந்த பெருசுலதான் அச்செடுத்தேன், கொறைச்சலா செய்யல.”

“அப்ப மனுவுல ஏழு கெடைச்சிச்சுன்னு எழுதியிருக்கே, அண்ணே.”

“அது... நெல பெஜாபாட்லேருந்து ஆபிசரு வந்தாரு, படம் புடிச்சாரு. ஏழும் வரிசையா இருந்திச்சு. யாரோ ஒருத்தன் ஆபிசருகிட்ட, ‘ஏழும் கீழேருந்து வந்ததுதான், துவான்’னு சொல்லிட்டான். சாமி முன்னாடி நின்னுக்கிட்டு இல்லேன்னு எப்படிச் சொல்றது?”

“அந்த வெள்ளை?”

“தயிரு அபிஷேகம் தங்கச்சி. எலுமிச்சம்பழமும் புழிவோம்.”

தயிரும் எலுமிச்சையும் பட்டால் ஈயம் வெளுக்கும், அது உண்மைதான். பழசாகக் காட்ட வேண்டுமென்றே காடி ஊற்றி மூடிவைத்தாலும் வெளுக்கும். எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கண் கலங்கியிருந்தது. நான் நம்பினேன், முழுதாக நம்பவில்லை. நிச்சயம் பேச வந்த அன்று அங்கே வெள்ளைக்காரப் பட்டாளம் சண்டை போட்டது என்று சொன்ன அதே மனிதர், அடுத்த முறை ஈயச்சுரங்கக் கூட்டத்தார் சண்டை என்றார், மூன்றாம் முறை ஏழு பெண்கள் ஓடிவந்து சுடப்பட்டு ஏழு கல்லானார்கள் என்றார். கதையில் ஏழு பெண்கள் வந்தது குண்டு ஏழான பிறகு. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குள் ஒரு குறையைக் குறையாகவே விட்டுவைக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. சாமி காரியத்தில் அது நல்ல குணம். அரசாங்க மனுவில் அது உன்னை மாட்டிவிடும். நான் கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்க நில அலுவலகத்துக்கு ஒரு தராசு போதும். நான்கு குண்டு டயர் கடை ஈயம் என்று தெரிந்த அந்த நிமிடத்தில் மீதி மூன்றையும் யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். அந்த மனுவோடு சேர்த்து வைத்திருக்கிற, ரப்பர் பால் வெட்டிய கிழவிகள் சொன்னதும், தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஆட்கள் கல்லுக்கு முன்னால் நின்று எடுத்த பழைய படங்களும் பொய்யாகிவிடும். கோயில் போகும். மனுவின் கீழே உன் பெயர் இருக்கும்.

பெயர் இருப்பது என்றால் என்ன என்று உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. நான் பிறந்த தோட்டத்தை விற்றபோது நீ என் வயிற்றில் இருந்தாய். எங்கள் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒரு காலையில் தோட்டத்து ஆபீஸ் கிராணி என்னைக் கூப்பிட்டனுப்பி, ஆட்கள் எல்லாரும் நிற்க, ஒரு கடிதத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். புதிய வீடு கட்டித்தருவதைப் பற்றி அதில் நன்றாகத்தான் எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். சாட்சி என்று காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். போடும்போதே ஒன்றைக் கவனித்தேன். தாள்களின் மூலையில் இரண்டு ஜோடி ஸ்டேப்ளர் ஊசித்துளைகள் இருந்தன. ஒரு முறை பிரித்து மறுபடியும் குத்தியிருந்தார்கள். இரண்டாம் தாளின் கடைசி வரி பாதியில் நின்றது, மூன்றாம் தாள் வேறு விஷயத்தில் தொடங்கியது. நடுவில் ஒரு தாள் இல்லை. “ஐயா, ஒரு பக்கம் கொறையுதே” என்று நான்கு வார்த்தை போதும். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பேசாமல் இருந்துவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து அவர்கள் ஒவ்வொருவராகக் கைநாட்டு வைத்தார்கள். எந்தத் தேதிக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது அந்த இல்லாத தாளில் இருந்திருக்கிறது. வீடு கட்டுவதற்கு வெகு முன்பே அந்தத் தேதி வந்துவிட்டது. சாமானை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை என்னிடம் வந்தார். திட்டவில்லை. “நீ படிச்சிட்டுத்தானேம்மா சொன்னே?” என்று கேட்டார். நான் படித்துவிட்டுத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு வாங்கிய எந்தச் சம்பள உயர்வும், சிலிபினில் வாங்கிய இந்த வீடும், அந்தக் கேள்விக்குப் பதிலாகவில்லை. உன் அப்பாவுக்குக்கூட ஊசித்துளையைப் பற்றி இன்றுவரை தெரியாது. கடிதத்தை ஒட்டித்தான் அனுப்புகிறேன், ஆனாலும் அவர் படித்தால் படிக்கட்டும்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஏழு குண்டுகளில் நீ எனக்குக் கொண்டுவந்தது இரண்டு. மண்ணில் கிடைத்த மூன்றில் இரண்டை எடுத்திருந்தால் நான் ஒருவேளை ஏமாந்திருப்பேன். நீ கொண்டுவந்ததோ அந்தப் பெரியதையும் அதன் நகலையும். நகலின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது, சாவியால் கீறியது போல, பளபளவென்று புதிதாக. எனக்கு முன்பே யாரோ அதன் கடினத்தைச் சோதித்திருக்கிறார்கள். மாணிக்கம் அண்ணனுக்கு அது தேவையில்லை, ஊற்றியவர் அவர். ஒரு மாதம் முன்பு நீ போனில் எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, “ம்மா, பழைய ஈயம் புது ஈயத்தவிட மெதுவா இருக்குமா?” என்று கேட்டாய். நான் “இருக்கலாம், ஏன்?” என்றேன். “சும்மா” என்றாய். தம்பி, நீ சும்மா எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. உனக்குத் தெரியும் என்று நான் சந்தேகப்படுகிறேன். தெரிந்த பிறகு எதற்காக என்னிடம் கொண்டுவந்தாய் என்பதில்தான் எனக்கு இரண்டு சந்தேகம். நான் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், “அம்மாவே சொல்லிட்டாங்க” என்று உன் மனசை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாயா? இல்லை, நான் கவனிப்பேன் என்று தெரிந்தே, உன் வாயால் மாமனாரிடம் சொல்ல முடியாததை என் வாயால் சொல்லவைக்க நினைத்தாயா? முதலாவது என்றால் எனக்கு வருத்தம். இரண்டாவது என்றால் அதிலும் வருத்தம்தான், ஆனால் புரிகிறது. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல வராத வாயை உனக்குக் கொடுத்தது நான்தானே. ஷாமினியைப் பற்றி நான் தப்பாக நினைத்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன். இந்த விஷயத்தில் கேட்டதும் பதில் சொன்ன ஒரே ஆள் அவள்தான். கட்டிக்கொண்ட பிறகு அவளிடமிருந்து அதை நீ கற்றுக்கொள், அவளுக்கு நம் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடாதே.

நீ கேட்ட வரியை நான் எழுத மாட்டேன். அதற்குப் பதில் அரைப் பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கோயில் கல்லுக்கு அடியில் கிடைத்ததாகச் சொல்லப்படும் குண்டுகள் மூன்று, அவற்றில் நான் பார்த்தது ஒன்று, அது வாய்வழித் துப்பாக்கியில் போட வார்த்த பழைய ஈயக்குண்டு, வயதை உறுதியாகச் சொல்ல முடியாது, மீதி நான்கும் பூசைக்காக அண்மையில் வார்த்து வைக்கப்பட்டவை. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இதனால் கோயில் நிற்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நிற்காமலும் போகலாம். அப்படிப் போனால் மாணிக்கம் அண்ணன் என்னை மன்னிக்க மாட்டார், கல்யாணத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்பதையும் நான் யோசித்துவிட்டேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்றுகூட யோசித்தேன். அதற்குப் பிறகும் அரைப் பக்கத்தை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். இதை நானே எழுந்து படிப்பேன். நீ அதற்கு முன்பே மாணிக்கம் அண்ணனிடம் போய், நான் வருவதையும் என்ன படிக்கப் போகிறேன் என்பதையும் உன் வாயால் சொல்ல உனக்கு வெள்ளி, சனி இரண்டு நாள் இருக்கிறது. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், நம் பக்கத்திலிருந்து யாரும் மாணிக்கம் அண்ணனுக்குப் போன் செய்யப்போவதில்லை. கமிட்டியில் பதினோரு பேர், அங்கே பதினோரு நாற்காலிதான் எப்போதும் போடுவார்கள் என்று ஷாமினி சொன்னாள். பன்னிரண்டாவதாக ஒன்று போட்டிருந்தால், நீ சொல்லிவிட்டாய் என்று தெரிந்துகொண்டு அதில் உட்காருவேன். போடாவிட்டால் நின்றுகொண்டே படிப்பேன்.

அம்மா